மூன்றாம் பேறுக்குத் தாய் வீடு

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றும் அளவைக்கூட இரண்டு தடவை பார்ப்பேன். நாராயணவனம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேடி சூப்பர்வைசராக இருந்தபோது அந்தக் குணம் நன்றாகவே உதவியது.

திருப்பதியில் தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று சுவரில் போர்டு இருக்கும். சொல்கிற ஆளும் உள்ளேயே இருப்பார். எங்கள் கர்ப்பிணி ரெஜிஸ்டரில் ஐந்தாம் மாதம் வரை இருக்கும் சில பெயர்கள் பிரசவக் கணக்கில் வராது. கேட்டால் ஆளே ஊரில் இல்லை என்பார்கள். பலர் குடும்பத்தோடு மெட்ராஸ் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், மறுத்துப் பேசவும் முடியாது.

ஒரு மாதக் கடைசியில் கஸ்தூரி என்ற பெயரில் கண் நின்றது. இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றாவது கர்ப்பம். ஆறாம் மாதத்துக்கு நேராக 'புட்டில்லு' என்று எழுதியிருந்தது. தெலுங்கில் தாய் வீடு. எங்கள் பக்கம் தலைப்பிரசவத்துக்குத்தான் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மூன்றாவதுக்கு யார் அழைக்கிறார்கள்? சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

நேரே அவள் புருஷன் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலிலேயே மறித்தாள்.

"அம்மா வூட்டுக்குப் போய்க்கிறா மேடம்."

"மூணாவதுக்கா?"

"அவளா போனா நா இன்னா பண்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைத்துவிட்டார்கள் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

மறுநாள் ஏர்பேட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கேதான் கஸ்தூரியின் தாய் வீடு. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகம் எனக்கு. கதவைத் திறந்ததே கஸ்தூரி. ஏழு மாத வயிறு.

"ஸ்கேன்ல பொண்ணுன்னாங்க மேடம். கலைக்கறதுக்கு அவரே கையெழுத்துப் போட்டுட்டாராம். இட்டுக்கினு போறதுக்கு முந்தியே ஓடியாந்துட்டேன்."

"புருஷன் போட்டா செல்லாதும்மா. உன் கையெழுத்துதான் வேணும். நீ வேணாம்னா எந்த டாக்டரும் தொடக்கூடாது. பொண்ணுன்னு சொன்னதே குத்தம்."

"மாசாமாசம் ஊருக்கு வந்தீங்களே. இத்த அப்பவே சொல்லியிருந்தா நா ஏன் ஓடியாரேன்?"

வெட்கமாக இருந்தது. அந்தச் சட்டத்தை மீட்டிங்குக்கு மீட்டிங் ஒப்பித்தவள் நான். நர்சுகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆயாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டியவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கஸ்தூரிக்கு ஏர்பேட்டிலேயே பெண் பிறந்தது; பிரசவம் அந்த ஊர்க் கணக்கில் ஏறியது. எங்கள் ரெஜிஸ்டரில் அந்தச் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கு உதைத்தால் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் பெயர் எழுதுகிற அன்றைக்கே அவளிடம் சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.