உடும்பக்காவும் ஓர் உருபும்

1988ஆம் ஆண்டு, மழை ஓய்ந்து சுவர்களில் ஈரம் மட்டும் மிஞ்சியிருந்த பருவத்தில், அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். சட்டை தைக்கும் ஆலையொன்றில் பதிவேடுகளைப் பாதுகாக்கும் எழுத்தராக நான் அப்போது இருந்தேன். அதே ஆலையின் பின்பக்கத்தில், வேலைக்கு வரும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவள் ஆயா. நாங்கள் அதற்கு முன் பேசியதில்லை.

"போன மாசத்துக் காப்பகப் பதிவேட்டை எடுங்க எழுத்தரம்மா. பன்னிரண்டாம் தேதி. வாய்விட்டுப் படிங்க, என் காதால கேக்கணும்."

எடுத்துப் படித்தேன். 'குழந்தைக்குச் சூப்பான் பிடிக்கவில்லை என்று ஆயா தெரிவித்தார்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. புள்ள சூப்பானைப் பிடிக்கலன்னுதான் சொன்னேன். என் வாயில வராததை என் பேர்ல எழுதி வச்சிருக்கா."

சூப்பான் என்பது, பால் இல்லாமல் வெறுமனே சப்புவதற்காகக் குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர்க் காம்பு. 'குழந்தை சூப்பானைப் பிடிக்கவில்லை' என்றால், வாயில் பற்றி வைத்துக்கொள்ள அதனால் இயலவில்லை என்று பொருள். மருத்துவர் பார்க்க வேண்டிய குறை அது. 'குழந்தைக்குச் சூப்பான் பிடிக்கவில்லை' என்றால், அதில் அதற்கு விருப்பமில்லை என்று பொருள். அப்படியே விட்டுவிட வேண்டிய சுபாவம் அது. இரண்டாம் வேற்றுமை உருபை எடுத்துவிட்டுக் குழந்தையின் தலையில் ஒரு 'கு'வை ஏற்றிவிட்டார் காப்பகத்தின் மேற்பார்வையாளர். அந்த ஓர் உருபு, மூன்று மாதப் பெண்குழந்தை ஒன்றை நாற்பது நாள் அரைவயிறாகக் கிடக்க வைத்தது.

அவளை எல்லோரும் உடும்பக்கா என்று அழைத்தார்கள். எடுத்த காரியத்தை விடாத பிடிவாதத்துக்காக வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அவள் கேட்டுச் சிரித்த பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்தக் குழந்தை, பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒருத்தியின் முதல் மகள். வந்த மூன்றாம் நாளே உடும்பக்கா அதை உற்றுக் கவனித்துவிட்டாள். சூப்பான் வேண்டாத குழந்தை அதை நாக்கால் வெளியே தள்ளும், முகத்தைத் திருப்பும். இதுவோ ஆசையாக வாயைத் திறந்தது. நான்கு முறை சப்பியதும் 'டொக்' என்று ஒரு சத்தம் எழும்; சூப்பான் உதட்டோரமாக வழுக்கி விழும். விழுந்ததைத் தேடி உடனே அழும்.

நீளமான காம்பு, தட்டையான காம்பு, உருண்டையான காம்பு என்று மூன்றையும் கொதிநீரில் அலசி மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தையை மடியில் பாதி நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தை விரலால் மெல்ல வருடினாள். அது பற்றியதும் சூப்பானை வெளிப்பக்கமாகத் துளி இழுத்தாள். குழந்தைகள் அப்போது விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். "பிடுங்க வந்தாத்தான் கெட்டியாப் பிடிக்கணும்னு தோணும். நம்ம புத்திதான் அதுக்கும்" என்பாள். அவள் மடியில் மட்டும் சூப்பான் மூன்று நிமிடம் வாயில் நின்றது.

நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டிவிடலாமே என்று இன்னோர் ஆயா யோசனை சொன்னாள். துணியைச் சுருட்டி முட்டுக் கொடுக்கலாம் என்றாள் வேறொருத்தி.

"கட்டுங்கடி, கட்டுங்க. மூச்சு நின்னா சூப்பானா வந்து பதில் சொல்லும்?" என்று இருவரையும் விரட்டினாள்.

மேற்பார்வையாளரிடம் மூன்று முறை சொன்னாள். மருத்துவர் செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். ஆயாக்களிடம் பேசமாட்டார், பதிவேட்டைத்தான் பார்ப்பார். அதில் இருந்ததைப் படித்துவிட்டு, "பிடிக்கலன்னா விட்டுடுங்க, நல்லதுதானே" என்று சிரித்தார். புட்டிப்பாலும் அதே உதட்டோரமாகத்தான் வழிந்துகொண்டிருந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எடை குறைந்து, அழவும் வலுவில்லாமல் போன பிறகு, தாய் தானே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாக்கின் அடியிலிருந்த சவ்வு குட்டையாக இருந்து நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. அதைக் கத்தரித்துவிட ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். ஒரே வாரத்தில் குழந்தை தேறியது.

தாய் காப்பகத்துக்கு வந்து கூச்சலிட்டபோது மேற்பார்வையாளர் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "உங்க ஆயாதான் பிடிக்கலன்னு சொன்னா. நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?" நிர்வாகம் எழுத்தில் இருந்ததை நம்பியது. குழந்தைகளைக் கவனிக்கத் தெரியாதவள் என்று முடிவு கட்டி, உடும்பக்காவைக் கீழ்த்தளத்துச் சலவையறைக்கு மாற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளைத் தூக்கிய கைகள் மறுநாளிலிருந்து அவற்றின் துணிகளை மட்டும் துவைத்தன.

அந்த உத்தரவு வந்த அன்றுதான் அவள் என் மேசைக்கு வந்தாள். பிழையைப் பொறுக்காத என் சுபாவத்தால், சிவப்பு மையில் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க திருத்தினா இலக்கணம் சரியாயிடும். எனக்கு அவ சரியாகணும். அவ கையாலயே அடிச்சு, அவ கையாலயே எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். அது வரைக்கும் இந்தப் பதிவேடு பத்திரமா இருக்கணும். செய்வீங்களா?"

சமாதானம் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை. பதிவேட்டை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சலவையறையிலும் அவளுடைய பழியுணர்ச்சி ஓயவில்லை. மேற்பார்வையாளரின் வெள்ளை மேலங்கிக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சுவாள். அந்த அங்கியைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். அணிந்து நடந்தால் மொடமொடவென்று சத்தம் எழும். அவர் பத்தடி தொலைவில் வரும்போதே ஆயாக்கள் அரட்டையை நிறுத்திவிட்டுக் குழந்தைகளைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் முறையிட்டார். "சுத்தமா இருக்கணும்னு விதியில இருக்கு. மெத்துன்னு இருக்கணும்னு இல்லையே மேடம்" என்று பதில் வந்தது.

இரண்டு ஆண்டுகள் சென்றன. மேற்பார்வையாளருக்கு மாதம் நிறையும் முன்பே ஒரு மகன் பிறந்தான். விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது அவனையும் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். குறையொன்றும் இல்லை, சப்பும் வலு மெல்லத்தான் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் சூப்பான் விழும்போதெல்லாம் அவன் அலறினான். ஒருவன் அலறினால் பதினான்கு தொட்டில்களும் அலறும். மூன்றாம் நாள் காலையில், வேறு வழியில்லாமல், கீழ்த்தளத்துக்கு ஆள் அனுப்பினார்.

உடும்பக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க நானும் அங்கே போயிருந்தேன்.

"என்ன மேடம், பையனுக்குப் பிடிக்கலையா?"

"நழுவி நழுவி விழுது அக்கா."

"அடேங்கப்பா, அக்கா ஆயிட்டேனா? நழுவுதுன்னா சூப்பான் மேல இல்ல குத்தம் வருது? யாரால என்ன முடியலன்னு சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே குழந்தையை மடியில் நிமிர்த்தி, கன்னத்தை வருடத் தொடங்கிவிட்டாள். பதிலுக்காகக் குழந்தையைக் காக்க வைக்கவில்லை. கை ஒரு வேலையும் நாக்கு ஒரு வேலையும் பார்த்தன.

"பையன் சூப்பானைப் பிடிக்கல" என்றார் மேற்பார்வையாளர், மிகத் தாழ்ந்த குரலில்.

"கேக்கல. சலவை மிஷின் சத்தத்துல காது போயிடுச்சு."

"பையன் சூப்பானைப் பிடிக்கல!"

ஆயாக்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் அதற்குள் அமைதியாகச் சப்பிக்கொண்டிருந்தான்.

"ம். சொல்ல வருது. எழுதத்தான் வராதாக்கும்" என்று கூறிவிட்டு உடும்பக்கா இறங்கிப் போனாள்.

பத்தொன்பது நாள் இது நடந்தது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவளை அழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தை வேற்றுமை உருபு பிசகாமல் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மற்ற ஆயாக்களுக்கு அந்தக் கைப்பக்குவத்தை மனமாரக் கற்றுக்கொடுத்தாள். ஆனால் பெற்றவள் பார்க்க வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கற்றுக்கொண்ட ஆயாக்களும், 'எங்களுக்கு வரலையே மேடம்' என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பச்சைப் புள்ளையை வச்சுப் பழி வாங்கலாமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவனை நான் என்ன செஞ்சேன்? என் மடியிலதான் தூங்கறான். பாவம், பெத்தவளைத் தேடிப் பார்த்தா பொறந்தான்? நான் வாங்கறது அவ கிட்ட."

இருபதாம் நாள் மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்து அந்தப் பதிவேட்டைக் கேட்டார். எடுத்து விரித்து வைத்தேன். அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். "இப்போ திருத்தினா, அப்போ பொய்யா எழுதினேன்னு ஆகும். வேலை போயிடும்மா" என்றார். மூடி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மகனைக் காப்பகத்துக்கு அழைத்துவரவில்லை. வீட்டில் ஆள் வைத்துக்கொண்டார்.

அந்த இருபது நாளில் நடந்ததைத் தாய்மார்கள் பார்த்திருந்தார்கள். பொத்தான் தைப்பவள் முதல் கையெழுத்துப் போட, முப்பத்தொரு பேர் சேர்ந்து உடும்பக்காவைத் திரும்ப அழைக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். மனுவின் தமிழில் ஒரு பிழைகூட இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். அவள் காப்பகத்துக்குத் திரும்பினாள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தாள். எவ்வளவு குழந்தைகள் அவள் மடியில் சப்பக் கற்றன என்று அவளுக்கே தெரியாது. மேற்பார்வையாளருடன் ஒரே அறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். வேலைக்கு வேண்டிய சொல்லுக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

ஆலை பழைய தாள்களைக் கழித்தபோது, விதியை மீறி அந்தப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆண்டுக்கொரு முறை அவள் வருவாள். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். "இன்னும் அப்படியேதான் கிடக்கு" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போவாள். ஆறிவிட்டதா என்று நான் கேட்டதில்லை. ஆறவில்லை என்பது அவள் புரட்டும் விதத்திலேயே தெரிந்தது.

சென்ற ஆண்டுக் கோடையில் அவள் மருத்துவமனையில் படுத்திருந்தாள். பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லித் தலைமாட்டில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல், நடைவழியில் வயதான பெண்மணி ஒருவர் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றார். முடி முழுவதும் நரைத்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், உள்ளே வரலாமா என்று மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டார்.

கட்டிலருகே குனிந்து சொன்னேன். உடும்பக்கா கண்ணைத் திறந்தாள்.

"வாயால கேக்கவா வந்திருக்கா?"

"அப்படித்தான் தெரியுது."

சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு என் கையைப் பற்றினாள். அந்த நிலையிலும் பிடி தளரவில்லை.

"பேனா கொண்டுவந்திருக்காளான்னு கேளுங்க."