எரியாத டெஸ்டர்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் ஆள் கிடையாது. 'பாடம் அண்ணன்' என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக எலக்ட்ரீஷியன். ஷாக் அடித்து விழுந்து, மூச்சு திரும்பியதும் முதலில் சொல்வது, "இதுவும் ஒரு பாடம்தான்." அடுத்து, தப்பு யாருடையது என்று சொல்வார். அதில் மட்டும் அவர் பெயர் ஒருநாளும் அடிபட்டதில்லை.

முதல் அடி ஓர் அச்சகத்தில். "கரண்டை நிறுத்தியாச்சு" என்று வாட்ச்மேன் சொன்னார், இவர் கையை வைத்தார். ஏணியிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை இறங்கிவிட்டது. பாடம்: வாட்ச்மேனை நம்பக் கூடாது. அடுத்தது மைத்துனர் வீட்டில். அவரும் நிறுத்திவிட்டதாகத்தான் சொன்னார். பாடம்: சொந்தக்காரன் வீட்டில் வேலை செய்யக் கூடாது. அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு வருடம் மைத்துனர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மூன்றாவது, போன மாதம், ஒரு துணிக்கடையில். சுவிட்சுக்கு மேலே 'விளக்கு' என்று எவரோ சீட்டு ஒட்டியிருந்தார். அதை நம்பி அணைத்துவிட்டுக் கை வைத்ததில் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

"ஒரு சீட்டை ஒழுங்கா ஒட்டத் துப்பில்ல, இவனுங்க எல்லாம் எலக்ட்ரீஷியன்" என்று நலம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டி வகுப்பெடுத்தார். பழம் வாங்கி வந்த பாவத்துக்கு அவர்களும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

டெஸ்டர் இல்லாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். கம்பியில் வைத்தால், கரண்ட் இருந்தால் அதற்குள் குட்டி விளக்கு எரியும். ஒரு நொடி வேலை. அண்ணனுடைய டெஸ்டரில் அந்த விளக்கு செத்து ஒன்பது வருடம் ஆகிறது. திருகாணி முடுக்க அதை வைத்திருந்தார். கேட்டால், "அனுபவம் இருக்கிறவனுக்கு லைட் எதுக்கு?" என்பார். அந்த அனுபவத்தின் லட்சணம் அவர் உடம்பெல்லாம் தழும்பாகத் தெரிந்தது.

மூன்று தடவையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் மனைவி. அவளுக்கு என்ன பாடம் என்று யாரும் கேட்கவில்லை.

கை ஆறுவதற்குள் வீட்டுக் குளியலறையில் வாட்டர் ஹீட்டரில் கருகல் வாடை அடித்தது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி.

"எலக்ட்ரீஷியன் வீட்டுக்கே எலக்ட்ரீஷியனா? ஊரே சிரிக்கும். நான் சொல்றேன், நீ செய். ஒரு வயரை முடுக்கணும், அவ்வளவுதான்."

அவள் ஈரத்தரையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹீட்டரின் மூடியைக் கழற்றினாள். அண்ணன் கூடத்தில் மெயின் போர்டின் முன்னால் நின்றார். தன் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டுகள், முத்து முத்தான எழுத்து. 'ஹீட்டர்' என்றிருந்த சுவிட்சை இடது கையால் அணைத்தார்.

"ஆஃப் பண்ணியாச்சு. தைரியமா கை வை."

உள்ளே ஸ்டூல் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். அவருக்குப் பொறுமை போயிற்று. "என்ன பயம்? நான்தானே சொல்றேன்?"

"கொஞ்சம் இங்க வாங்க."

போனார். ஸ்டூலின் மேல் நின்றபடி அவள் ஒரு புது டெஸ்டரைக் கம்பியில் வைத்திருந்தாள். அதற்குள் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சுவிட்ச் கெட்டுப்போய், ஹீட்டர் லைனைப் பக்கத்து சுவிட்சுக்கு மாற்றியது அவர்தான். சீட்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதும் அவர்தான். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நொடி. அவள் இவரை நம்பியிருந்தால் போதும், உயிர் போயிருக்கும்.

"இது எப்ப வாங்கினே?" என்றார்.

"நீங்க துணிக்கடையில விழுந்த மறுநாள்." மெல்ல இறங்கினாள். "இப்ப யார் தப்புன்னு சொல்லப் போறீங்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பாடம் எதுவும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை, "அந்த டெஸ்டரைக் கொஞ்சம் குடு" என்றார்.

"இது என்னோடது. நீங்க உங்களுக்கு ஒண்ணு வாங்கிக்கங்க."

தெரிந்த கடைக்குப் போக வெட்கப்பட்டு, நாலு தெரு தள்ளிப் போனார். இவர் டெஸ்டரைக் கையில் வாங்கி, அங்கிருந்த பிளக் பாயிண்டில் வைத்து, எரிகிறதா என்று மூன்று தடவை பார்த்ததைக் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

"வேலைக்குப் புதுசாங்க?"

"ஆமாங்க" என்றார் பாடம் அண்ணன். "நேத்துதான் சேர்ந்தேன்."