மாமியாருக்குப் போட்ட கோடி

நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் அர்த்தநாரி, பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் முதலில் விலையைத் திட்டுவார். பிறகுதான் டேங்க் மூடியைத் திறப்பார். திட்டிய களைப்புத் தீர எதிர்க்கடையில் டீ, வடை, சிகரெட். அவற்றின் விலையும் ஏறியதுதான். அது அவருக்கு வலித்ததில்லை.

போன மாதம் மனைவி உண்ணாமலை கேட்டாள்: "ஏனுங்க, சேந்தமங்கலத்துல எங்கம்மா கஞ்சிகூட எறங்காம கெடக்குதாமா. என் பேரையே சொல்லுதாமா. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாங்க."

"பெட்ரோலு விக்கிற வெலையில ஒத்தச் சோலிக்கு வண்டி எடுக்க முடியுமா புள்ள? ஞாயித்துக்கெழம அங்க ஒரு காதுகுத்து இருக்குது. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுக்கலாம்."

"நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க."

"என்ற பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கிட்டுப் போனா என்ற மானம் என்னாகறது?"

வெள்ளிக்கிழமையே மாமியார் இறந்துபோனார். மருமகன் போர்த்தக் கொண்டுவரும் கோடித்துணியை ஊரே எடைபோடும் என்பதால் அர்த்தநாரி கணக்குப் பார்க்கவில்லை. பட்டுக்கோடி, ஆளுயர மாலை, வழியெல்லாம் வெடி, சொந்தக்காரர்களை ஏற்ற மூன்று வேன். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் மாமியார் படத்தைவிட மருமகன் படம் பெரிதாக இருந்தது.

முன் வேனில் ஏறியதும், "வெரசா உடப்பா" என்று டிரைவரை விரட்டினார்.

மடிகொள்ளாத மாலையோடு உட்கார்ந்திருந்த உண்ணாமலை சொன்னாள்: "மெதுவாவே போகட்டுங்க. அங்க இனி எனக்காக ஆரும் காத்துட்டு இல்ல."

அர்த்தநாரிக்கும் அது சரியென்றே பட்டது. மெதுவாகப் போனால்தான் வெடிச்சத்தம் ஊரில் எல்லார் காதிலும் விழும்.