ஹெல்பர் என்று எழுதிய கடிதம்

எங்கள் சாயப்பட்டறை லேபில் நிறம் கூட்டும் பெண் அவர். நகங்கள் எப்போதும் நீலம். நனைத்தெடுத்த துணித்துண்டை ஜன்னல் வெயிலில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பிக்க அனுபவக் கடிதம் கேட்டார். ஆபீஸ் கிளார்க்கான நான், சாய மாஸ்டர் அல்லாத எல்லோருக்கும் எழுதும் பழக்கத்தில் ‘ஹெல்பர்’ என்றே எழுதி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்கண்ணா, ஆறு வருசமா நான் கலர் போடறது ஹெல்ப்புங்களா?”

முதலாளியிடம் மறுபடி போய் நிற்க எனக்குக் கூச்சம். மேஜை மேலிருந்த லெட்ஜரைப் புரட்டினேன்.

“உடுங்கண்ணா, அப்ளிகேசன் போட இன்னைக்குத்தான் கடைசி நாளு” என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இடம் கிடைக்கவில்லை. கடிதத்தால்தானா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றும் அவர் அந்த ஜன்னலில் நின்றால், நான் பின்வாசல் வழியாகப் போகிறேன்.