அக்காவுக்கு இடம் பார்த்தோம்

பினாயில் வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். சுத்தத்தின் வாசம் என்பார்கள். எனக்கு அது மூன்று பேரின் வாசம்: என் அண்ணன், என் அண்ணி, ஈப்போவில் இல்லம் நடத்திய ஓர் அம்மாள்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். சின்ன வயதில் கண்ட காய்ச்சலோடு அவள் புத்தி அப்படியே நின்றுவிட்டது. உடம்பு வளர்ந்தது, முடியும் வளர்ந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கனத்த பின்னல். அம்மா தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பின்னல் நுனியை எடுத்துத் தன் கன்னத்தில் மெல்லத் தடவிக்கொண்டே கேட்பாள். பாதி புரியாது, ஆனால் எழுந்து போகமாட்டாள். பயந்தாலும் அதே தடவல்தான், கொஞ்சம் வேகமாக.

எங்கள் தோட்டம் ஆயர் தாவார் பக்கம். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால் வெட்டப் போகும்போது அக்காவை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. முப்பது வயதிலும் அவள் அங்கேதான் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டார்கள். கொட்டகையை மூடினார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு, வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தோட்ட ஆபீஸ் கிராணி வந்து வாசலில் நின்றார். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு அங்கே இருந்தது ஒரு கட்டில்தான். அண்ணனுக்குக் கமுந்திங்கில் மூன்று அறை வீடு. ஓர் அறையில் அவர்கள் படுத்தார்கள், ஓர் அறையில் சாமி இருந்தது, ஓர் அறையில் தையல் மெஷின் இருந்தது. அக்காவுக்குத்தான் இடம் இல்லை.

"ஹோம்ல விட்டுறலாம். நாம பாக்குறதவிட நல்லா பாத்துக்குவாங்க" என்றான் அண்ணன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவையும் கூட்டிக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பிய அன்று அண்ணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், யாருக்கோ பெண் பார்க்கப் போவதுபோல. முதலில் பார்த்தது ஒரு கடை வீட்டின் மாடி. படிக்கட்டிலேயே மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு கிழவரின் காலைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். காலையில் சாப்பிட்ட தட்டு அவர் பக்கத்திலேயே ஈ மொய்த்துக் கிடந்தது. அந்த இல்லத்தை நடத்தியவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "துணி தொவைக்குமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டான். அண்ணனே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

இரண்டாவது இடம் பெரிய பங்களா. தரை பளபளவென்றிருந்தது. வாசலில் கோலம், கூடத்தில் டிவி, எங்கும் பினாயில் வாசம். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் மொட்டை. தைப்பூசம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே நான் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு கேட்டேன்:

"எல்லாருக்கும் வேண்டுதலாம்மா?"

இல்லத்து அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். "வேண்டுதலா? பேனு, பாப்பா! இத்தன பேருக்கு யாரு ஒக்காந்து சீவி விடறது? சூசா, ரொம்பக் கஷ்டம். முளைக்க முளைக்க வழிச்சி விட்டுருவோம்."

பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் தலையில் மட்டும் பானை அளவுக்கு ஒரு கொண்டை.

"அந்த முடிய என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"நீளமா இருந்தா தூக்கிப் போட மனசு வருமா? சவுரி கட்டிக்கலாம். இதுகூட அப்படிக் கட்டினதுதான்" என்று தன் கொண்டையைத் தட்டிக் காட்டினாள்.

நான் அந்தக் கொண்டையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி திருப்பவில்லை. அவளுக்கு இருந்தது எலிவால் முடி. அவள் திரும்பி அக்காவின் பின்னலைத் தூக்கி, பாசாரில் கீரைக்கட்டைப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா முடிய யாரும் தொடக்கூடாது. நான் வாராவாரம் வந்து சீவி விடுறேன். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் இங்க விடுவோம்" என்றேன்.

"அதுக்கென்னா, விட்டுறலாம்" என்றாள் இல்லத்து அம்மாள்.

"முடிதானே, போனா வளந்துடும்" என்று முணுமுணுத்தான் அண்ணன். இடம் கிடைத்த நிம்மதி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கிராணி கொடுத்த கெடு முடியப்போகிறது, ஹாஸ்டலில் அக்காவைச் சேர்க்கமாட்டார்கள். விட்டுவிட்டு வந்தோம். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று அக்கா பின்னல் நுனியை வேகமாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் ஒழுங்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போவேன், எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். பிறகு ஒரு ஞாயிறு பெஞ்சில் அக்காவைத் தேடினேன், காணவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த மொட்டைத்தலை என்னைப் பார்த்து எழுந்து வந்தது. தலையில் பிளேடு பட்ட கீறல்கள். அவள் கை தோளுக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லாமல் சட்டையைத் தடவியது, பிறகு வெறும் விரலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டது.

நான் கத்திய கத்தலில் டிவியை நிறுத்தினார்கள். இல்லத்து அம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒங்க அண்ணிதான் வந்து எடுக்கச் சொன்னாங்க. வீட்டுக்காரங்களே சொன்னா நாங்க என்னா பண்றது?"

அன்றைக்கே அக்காவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹாஸ்டலை விட்டேன். புந்தோங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். பகலில் பக்கத்து அறைத் தையல்காரப் பெண் அக்காவைப் பார்த்துக்கொண்டாள். அவள் தைத்துக்கொண்டே ஓயாமல் பேசுவாள், அக்கா ஓயாமல் கேட்பாள். இந்த இடத்தை அண்ணனும் நானும் காரில் சுற்றித் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கமாட்டோம்.

தீபாவளிக்கு அண்ணன் வந்து கூப்பிட்டான். எனக்கு மனமில்லை. முறுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். அதனால் போனோம்.

அண்ணி கதவைத் திறந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் கனத்த பின்னல், அதில் மல்லிகை. முறுக்குத் தட்டை நீட்டி, "சாப்புடுங்க" என்றாள். அந்தக் கையிலிருந்து வாங்கி வாயில் வைக்க என்னால் முடியவில்லை. அண்ணன் டிவியைக் காட்டி, புதுசாக வாங்கியது என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனான்.

அக்கா முறுக்கைத் தின்று முடித்து எழுந்தாள். அவள் முடி அப்போது விரல் நீளம்தான் வளர்ந்திருந்தது. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பின்னல் நுனியை எடுத்துத் தன் கன்னத்தில் தடவினாள்.

"ஏய், விடு! கையெல்லாம் எண்ணெ!" என்று அண்ணி வெடுக்கென்று தலையை இழுத்தாள். கொண்டை ஊசி கழன்று சவுரி அக்கா கையோடு வந்துவிட்டது.

அக்கா அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நுனியைக் கன்னத்தில் மெல்லத் தடவியபடி, அண்ணன் மேலே என்ன சொல்லப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.