மாதேஷ் மச்சானின் பன்னிரண்டு மணி

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். பாக்கி நீங்கள்தான்.

கடத்தூரில் இருக்கும் என் தங்கையின் மகள் சௌமியா. ஓசூரில் வேலை. கூட வேலை பார்க்கும் அரூர்ப் பையனைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, அதிசயமாக இரண்டு வீடும் தலையாட்டிவிட்டன. எல்லாம் கூடி வந்த நேரத்தில் பையனின் அம்மா கேட்டார் - ஜாதகம்!

கொடுத்தார்கள். ஏழாம் இடத்தில் செவ்வாய். தோஷம். பையனுக்கோ சுத்த ஜாதகம்.

"புள்ள தங்கமான புள்ளதாங்க. ஆனா தெரிஞ்சே எப்படிங்க பண்றது?" என்று அந்தம்மா போனை வைத்துவிட்டார். சௌமியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். அடுத்த பஸ்ஸில் கடத்தூர்.

எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தம்மாவுக்கு இருக்கிறதே... என்ன செய்வது? சும்மா வாங்கிப் புரட்டினேன். பிறந்த நேரம்: பகல் ஒன்று பத்து.

"ஒன்னு பத்தா?" என்றாள் தங்கை. "மதியம் சோறு தின்னு, கை கழுவி, அப்புறந்தானே அண்ணா எனக்கு வலியே எடுத்துச்சு!"

"இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லலை?"

"யார் கேட்டாங்க? உங்க மச்சான்தான் ஜோசியருக்கு நேரம் குடுத்தாரு. நான் அப்ப மணி பாக்குற நெலமையிலயா இருந்தேன்?"

எல்லோரும் தங்கையின் கணவர் மாதேஷ் மச்சானைத் திரும்பிப் பார்த்தோம். மனிதர் அசையவில்லை. பீரோவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்து நீட்டினார். நர்ஸ் கையில் துணி சுற்றிய சௌமியா. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி, பக்கத்தில் 1:10.

"நர்ஸம்மா வெளிய கொண்டாந்த ஒடனே எடுத்தேன் மச்சான். மனுசன் மாத்திச் சொல்லுவான், மிஷின் சொல்லுமா?"

நம் ஊர் வழக்கமே இதுதானே? மனிதர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்போம். எந்திரத்தில் எண் தெரிந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

"கேமரா இருக்கா?" என்றேன்.

இருந்தது! துபாயிலிருந்து நண்பர் கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமரா. செங்கல் கனம். கார்டு கிடையாது, எடுத்த படமெல்லாம் உள் மெமரியில். பேட்டரி அறையைத் திறந்தால் காலி. ஒரு பொட்டுத் துரு இல்லை! பேட்டரி கசிந்துதான் பழைய கேமராக்கள் பாதி சாகும். இது எப்படித் தப்பியது?

"படமெல்லாம் எடுத்து முடிச்ச ஒடனே பேட்டரிய கழட்டி ரேடியோவுல போட்டுருவேங்க. உள்ள இருந்தா சார்ஜ் எறங்கிப் போயிருமில்ல?"

அப்போதே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிட்டது.

கடைப் பேட்டரி போட்டோம். லென்ஸ் பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. இந்த மாதிரி கேமராக்களுக்குச் சாதாரண பேட்டரி யானைப் பசிக்குச் சோளப்பொரி. பேட்டரி தொடும் தகடுகளை அழிரப்பரால் தேய்த்தேன். ரீசார்ஜ் பேட்டரி வாங்கி, முழுக்கச் சார்ஜ் ஏற்றிப் போட்டேன். டிங்! திரை வெளிச்சமானது. முதல் கேள்வியே - தேதி என்ன, மணி என்ன?

"ஐயோ, டேட்டு போச்சு! பழைய படத்துலயும் எல்லாம் அழிஞ்சிருக்குமே!" மச்சான் பதறிவிட்டார்.

அழியாது. படம் எடுத்த நொடியில் பதிந்த நேரம் அந்தப் படத்தோடேயே இருக்கும். கேமராவின் கடிகாரம்தான் மறந்துபோகும். அதற்கென்று உள்ளே ஒரு குட்டி பேட்டரி உண்டு. பெரிய பேட்டரி ஒரு நாளாவது உள்ளே இருந்தால்தான் அது சார்ஜ் ஏறும். மச்சான்தான் உடனுக்குடன் பிடுங்கிவிடுவாரே!

"அப்ப, ஒவ்வொரு தடவையும் இது மணி கேட்டிருக்குமே மச்சான். என்ன போடுவீங்க?"

"தேதி மட்டும் கரெக்டா போட்ருவேன். மணி அதுவா பன்னெண்டுன்னு காட்டும்... ஓகே அமுக்கிருவேன்."

சௌமியாவின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

புரிகிறதா? அந்த 1:10, பிறந்த நேரமே இல்லை. பேட்டரி போட்டு ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்! ஆனால் நிஜமாக மணி என்ன? சௌமியா கேமராவைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளினாள். வாழைப்பழம், ஆஸ்பத்திரி வாசல், யாருடைய காலோ... அப்புறம் வந்தது அந்தப் படம்! மச்சான் நர்ஸுக்கு ஜாங்கிரி நீட்டுகிறார். பின்னால் சுவரில் கடிகாரம். கேமராவில் 1:40, சுவரில் மூணே முக்கால்!

"அந்தக் கடிகாரம் ஓடுச்சான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மச்சான், பரிதாபமாக.

அடுத்த படத்தில் அதே சுவர். கேமராவில் 2:10, சுவரில் நாலே கால். ஓடியிருக்கிறது! இரண்டிலும் ஒரே வித்தியாசம். ஆக சௌமியா பிறந்தது ஏறக்குறைய மூணே கால் மணிக்கு. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

படங்களோடு அரூர் போனோம். பையன் வீட்டு ஜோசியரே கணக்குப் போட்டார். லக்னம் ஒரு கட்டம் நகர்ந்தது. செவ்வாய் ஏழிலிருந்து ஆறுக்குப் போய்விட்டார். தோஷம் இல்லை! அந்தம்மா சௌமியாவின் கையைப் பிடித்து, "எப்ப பூ வைக்க வரட்டுங்க?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்?

பஸ்ஸில் திரும்பும்போது சௌமியா சொன்னாள்: "பேட்டரிய கழட்டுனது அப்பா. தோசம் எனக்கா மாமா?"

போன ஞாயிறு பூ வைத்தார்கள். குடும்பப் படம் அந்தக் கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டார். தேதியைச் சரியாக அடித்தார். அடுத்து விரல் ஓகே பக்கம் போனது...

இரண்டு வீட்டு ஜனமும் ஒரே குரலில் கத்தியது: "மணியப் போடுங்க!"