ஆட்டுக்காரிக்குத் தெரியாதது

பெரியம்மா மகன் துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தபோதுதான் என்னை அந்த விளையாட்டில் இழுத்துவிட்டான். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு அண்ணாச்சி வீடு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். ஞாயிறு மதியம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். அண்ணாச்சி கதையைச் சொல்வார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொன்னால், அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். எனக்கு ஆடு மேய்ப்பவள் வேடம். அண்ணாச்சி மனைவி ஒரு சிப்பாய். பெரியம்மா மகன் ஒரு திருடன், அது அவனுக்குப் பொருத்தம்தான்.

முதல் ஞாயிறே சண்டை. கதையில் சிப்பாயைப் பாம்பு கடித்துவிட்டது. "இறுக்கிக் கட்டாதீங்க, காலை அசைக்காம வைங்க" என்றேன். தென்காசியில் மெடிக்கல் ஷாப்பில் ஒன்பது வருடமாக நிற்கிறேன், இதுகூடத் தெரியாதா?

"அது உனக்குத் தெரியும். ஆட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? டைஸ் போடு" என்றார் அண்ணாச்சி.

"காட்டுல ஆடு மேய்க்கிறவளுக்குப் பாம்புக்கடி தெரியாதா? உங்களுக்குத்தான் தெரியாது."

"போடு."

நான்கு விழுந்தது. "தெரியாது. அவ இறுக்கிக் கட்டுதா. உன் வாயாலயே சொல்லு" என்றார். தப்பு என்று தெரிந்த ஒன்றை, "கட்டுகிறேன்" என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. சீசன் கூட்டத்தில் பைக் நகரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா மகன் திரும்பாமலே சொன்னான்: "ஏட்டி, இன்னைக்கு ஒரு சாமியார் செம்புல தண்ணி தருவான். குடிச்சிராதே. விஷம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணாச்சி வச்சிருக்க கதைப் புஸ்தகத்தப் போன்ல முழுசா படிச்சிட்டேன்."

"அதை ஏன் எங்கிட்டச் சொல்லுதே?"

"செத்துருவியேன்னு சொல்லுதேன்."

நான் திட்டினேன். ஆனால் கேட்டதைக் காதிலிருந்து எடுத்துப் போட முடியாது. அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அது என் தப்பு.

அன்றைய கதையில் நாங்கள் மூவரும் சதுப்பு நிலத்தைக் கடந்து, விஷக் காய்ச்சலோடு சாமியாரின் குகைக்கு வந்து சேர்ந்தோம். அவர் செம்பை நீட்டினார். திருடன் உடனே, "நான் வெளிய போயி குதிரையப் பாக்கேன்" என்று நழுவினான். அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பார்த்தார். சிப்பாய் வாங்கிக் குடித்தார். என் முறை வந்தது.

"மோந்து பாக்கேன்" என்று பகடையை உருட்டினேன். இரண்டு.

"ஒரு வாசமும் இல்ல. அவளுக்குச் சந்தேகமே வரல" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம்."

"ஏன்?"

"தாகம் இல்ல."

"காய்ச்சல்ல நாக்கு வறண்டு கிடக்கா, தாகம் இல்லையா?"

"அவளுக்கு என்ன தெரியும்னுதான் டைஸ் சொல்லும். அவ என்ன செய்யணும்னு சொல்லாது. குடிக்கலைன்னா குடிக்கல."

"உன் இஷ்டம்" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சிப்பாயின் காய்ச்சல் இறங்கியது. குடிக்காத இருவரையும் பிழைப்பதற்குப் பகடை போடச் சொன்னார். பதினைந்து வேண்டும். எனக்கு ஒன்பது. பெரியம்மா மகனுக்குப் பதினேழு. அண்ணாச்சி என் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை இழுத்து, ஆட்டுக்காரியின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"புஸ்தகத்துல அது விஷம்தான். போன வாரமே மருந்தா மாத்திட்டேன். யாரோ படிச்சிட்டு வாறாங்கன்னு தெரிஞ்சிச்சு."

"அவனுக்கு வச்ச பொறியில என்னைக் கொன்னுட்டீங்க!"

"நான் கொல்லல. தெரியக் கூடாத ஒண்ணு உனக்குத் தெரிஞ்சிருந்தது. அதுதான் கொன்னுச்சு."

பெரியம்மா மகன் சிரித்தான். "விளையாட்டுக்குப் போயி இப்படிக் கத்துதியே." புத்தகத்தைப் படித்தவன் பிழைத்துக்கொண்டு சிரிக்கிறான். அண்ணாச்சி மனைவி எனக்கு டீயை நகர்த்தி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால குடிச்சேன்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மேசையில் அதுதான் என்னை அதிகம் சுட்டது.

டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். சாரலில் நனைந்தபடி நடந்தேன். பின்னாலேயே பைக்கில் வந்தவனிடம், "போயிரு" என்றேன். பஸ் பிடித்துத் தென்காசி வந்தேன். அவன் துபாய் கிளம்பிய அன்று வழியனுப்பப் போகவில்லை. அவன் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் எதையும் இன்றுவரை திறக்கவில்லை.

விளையாட்டு விதிப்படி அண்ணாச்சி சொன்னது சரி. நானே சொல்கிறேன், சரிதான். ஆனால் புத்தகத்தை மாற்றியதை மேசையில் சொல்லியிருக்கலாம். திருடனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவருக்கு நியாயத்தைவிட எங்களைப் பிடிப்பதில் ருசி.

அடுத்த மாதம் பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். மாத்திரையை எண்ணி வைத்தேன்.

"ஆள் குறையுது. புதுசா ஒரு கேரக்டர் போட்டுக்கிட்டு வா" என்றார்.

"புதுசா வாறவளுக்கு உங்களப் பத்தித் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தெரியாது."

"எனக்குத் தெரியும். வரல."

மருந்துச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாத்திரையை எடுக்காமலே இறங்கிப் போனார். இப்போது எதிர்த்த கடையில் வாங்குகிறார். அங்கே அந்தக் கம்பெனி மாத்திரை கிடைக்காது, வேறு கம்பெனியுடையதைத்தான் தருவார்கள்; அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.